சீட்டும் சூதும்

(குமாரபாளையத்தில் நடைபெற்ற நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இம்மேடையில் நாம் பேச எழுந்தபோதெல்லாம் நூல் விலை, சாயக் கழிவுநீர், பிள்ளைகளின் கல்விநிதி ஆகிய மூன்றில் ஒன்றைப் பற்றியே பேசியிருக்கிறோம். இன்று சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று கேள்விப்பட்டதும் இவருக்கு வயோதிகத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று சிலர் எண்ணியிருக்கக்கூடும். வாயிலில் நுழையும்போதே ஒரு நண்பர் நம்மைத் தனியே அழைத்து, "ஸ்திரீகளும் குழந்தைகளும் இருக்கும் சபையாயிற்றே, வேறு விஷயம் பேசலாகாதா?" என்று கேட்டார். அவரைக் குறை கூற நமக்கு வாயில்லை. ஏனெனில், ஆறு மாதத்திற்கு முன் நாமும் அவர் கட்சியிலேயே இருந்தோம்.

நடந்தது பலருக்குத் தெரியும். நம் இளைஞர் சிலர், சங்கத்தின் மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தரவேண்டுமென்று நிர்வாக சபைக்கு விண்ணப்பம் எழுதினார்கள். சிறுவர்களுக்குள் ஒரு சீட்டுப் போட்டி நடத்தப்போவதாகக் காரணம் கூறியிருந்தார்கள். சீட்டு என்ற சொல்லைப் படித்த மாத்திரத்தில் சபையார் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டார்கள். நிராகரிக்கும்படி முதலில் கை தூக்கியவர் நாமே. அன்று நாம் சொன்ன காரணமும் நினைவிருக்கிறது: "மண்டபத்தில் மணமேடை இருக்கிறது, அங்கே சீட்டு விழலாகாது" என்றோம். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். அந்தத் தீர்மானத்தைச் சபையார் மறுபடி எடுத்து ஆலோசிக்கவேண்டுமென்று கேட்கவே இன்று நிற்கிறோம்.

நம்மவர்க்குச் சீட்டின்மேல் உள்ள வெறுப்பு வீண் வெறுப்பன்று. அது அனுபவத்தில் விளைந்தது. தருமபுத்திரன் கதையும் நளன் கதையும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவை. திருக்குறளிலே சூதுக்கென்று 94ஆம் அதிகாரம் தனியே இருக்கிறது. இவையெல்லாம் ஏட்டில் உள்ளவை. தறிக்கூடத்தில் நாம் கண்டது இன்னும் கொடியது. வாரக் கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியவர், வழியிலே லாட்டரிக் கடை முன் நின்றுவிட்டு வெறுங்கையுடன் வந்த நாட்களை இங்குள்ள தாய்மார் மறந்திருக்கமாட்டார்கள். பஸ் நிலையத்தைச் சுற்றிலும் கயிற்றில் தொங்கிய அந்த வர்ணச் சீட்டுகளை 2003ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் அடியோடு தடை செய்தது. அதற்குப் பின்னும் மறைவிலே மூன்று நம்பர் எழுதி விற்பவர் பிடிபட்டதாக அவ்வப்போது பத்திரிகைகளில் படிக்கிறோம்.

பின்னர் அந்தப் பிசாசு கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. ரம்மி என்ற ஆட்டத்தில் பணம் வைத்து இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தி பெருகவே, 2022ஆம் வருஷத்தில் நீதிபதி சந்துருவைத் தலைவராகக் கொண்ட குழு ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அவ்வருஷமே தமிழ்நாட்டில் சட்டமும் பிறந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டம் செல்லுமென்று கூறி, ரம்மியையும் போக்கரையும் மட்டும் திறமையின் ஆட்டங்கள் என்று பிரித்து வைத்தது. முடிவாக, 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே ஒரு சட்டம் இயற்றி, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடெங்கும் விலக்கிவிட்டது. இவ்வளவும் கண்ட ஜனங்கள் சீட்டு என்றதும் கதவைச் சாத்துவதில் வியப்பென்ன?

ஆயினும், சாத்திய கதவுக்கு அப்பால் இருந்தது இன்னதென்று நாம் பார்க்கவில்லை. அதுவே நாம் செய்த பிழை.

மண்டபம் கிடைக்காத இளைஞர்கள், நூல் மூட்டைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒரு கிடங்கின் மாடியில் தங்கள் போட்டியை நடத்தினார்கள். நம் மகள் வயிற்றுப் பேரனும் அதில் ஒருவன். அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, சத்தம் சந்தடி இருந்தால் கையோடு அழைத்து வந்துவிடுவது என்ற எண்ணத்துடனேயே நாம் படியேறினோம். மேலே நாம் கண்டது சூதாட்ட மடமன்று. பரீட்சை மண்டபம் போல் இருந்தது. ஆறு மேஜைகள் போட்டிருந்தன. எட்டு வயது முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகள், பெண் குழந்தைகள் மூவர் உட்பட, எதிரெதிரே அமர்ந்து சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இது நாம் அறிந்த 52 சீட்டு ஆட்டமன்று. ஆட்டின், இஸ்பேட், ராஜா, ராணி ஒன்றும் இதில் இல்லை. போக்கிமான் என்பது ஜப்பானியர் கற்பித்த கற்பனைப் பிராணிகளின் கூட்டம். அப்பிராணிகளின் படங்களைத் தாங்கிய சீட்டு ஆட்டம் ஜப்பானில் 1996லும், இங்கிலீஷில் 1999லும் வெளிவந்தது. இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூலம் அமெரிக்காவில் ரிச்சர்டு கார்பீல்டு என்ற கணித ஆசிரியர் அமைத்து 1993இல் வெளிவந்த மேஜிக் என்ற ஆட்டம். அதற்கு முன் சீட்டுக்கட்டு என்றால் ஊருக்கெல்லாம் ஒரே கட்டு. கார்பீல்டு செய்த மாறுதல் யாதெனில், ஆடுகிறவன் ஒவ்வொருவனும் தன் கட்டைத் தானே சேர்த்து அமைத்துக்கொண்டு வரலாம் என்பது. படம் சேர்ப்பதும் மாற்றிக்கொள்வதும் நமக்குப் புதிதல்லவே. தீப்பெட்டிப் படத்துக்கு மதிப்பு வைத்து ஆடாத பையன் நம் காலத்தில் உண்டா? நம் பிள்ளைகள் பபிள்கம் பொட்டணத்தில் வந்த கிரிக்கெட் சீட்டுகளையும், பிற்பாடு மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுகளையும் வைத்துக்கொண்டு திண்ணையில் சண்டை போட்டார்கள். அந்தச் சேகரிப்பையும் சதுரங்கத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன கிடைக்குமோ அதுவே இந்த ஆட்டம்.

ஒருவனுடைய கட்டில் 60 சீட்டு இருக்கவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அடிப்படைச் சக்திச் சீட்டு தவிர ஒரே பெயருள்ள சீட்டு நான்குக்கு மேல் ஆகாது. ஆட்டம் தொடங்கும்போது கையில் 7 சீட்டு எடுத்துக்கொண்டு, ஒரு பிராணியை முன்னே நிறுத்தி, பின்வரிசையில் ஐந்து வரை நிறுத்தலாம். 6 சீட்டுகளைப் பரிசுச் சீட்டாகக் கவிழ்த்து வைப்பார்கள். எதிரியின் பிராணியை வீழ்த்துந்தோறும் தன் பரிசுச் சீட்டை ஒருவன் எடுத்துக்கொள்கிறான். ஆறையும் முதலில் எடுத்தவனுக்கு ஜெயம். எதிரிக்குக் களத்தில் ஒரு பிராணியும் மிஞ்சாமற் போனாலும் ஜெயமே. தன் முறை வந்து, எடுப்பதற்குக் கட்டில் சீட்டு இல்லாதவன் தோற்றவன்.

இதில் அதிர்ஷ்டம் உண்டா என்றால் உண்டு. கலைத்துப் போட்ட கட்டில் எது முதலில் வரும் என்று யாரறிவார்? ஆனால் அந்த அதிர்ஷ்டத்துக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு சீட்டில் நான்கு பிரதி வைத்தால், முதல் ஏழு சீட்டில் அது ஒன்றாவது வருவது 100 தடவைக்குச் சுமார் 40 தடவை என்று நம் பேரன் ஒரு தாளில் போட்டுக் காட்டினான். பள்ளிக்கூடத்தில் கணக்கென்றால் வயிற்றுவலி வரும் பிள்ளை அவன்! எந்தச் சீட்டு எத்தனை வைப்பது என்று அவர்கள் வாதாடியதைக் கேட்டபோது, பாவுக்கு எத்தனை இழை, எந்த நிறம் எத்தனை என்று நம் தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்து கணக்கிட்டது நினைவுக்கு வந்தது. தறி ஓடத் தொடங்கிய பின் மாற்ற முடியாது. முன்னே யோசித்தவனுக்கே துணி சரியாக வரும்.

போட்டிக்கு வந்தவர் பன்னிருவர். தொடங்குமுன், நடத்துபவரான பொறியியற் கல்லூரி மாணவர் ஒவ்வொருவர் கட்டையும் வாங்கிப் பார்த்தார். ஒரு பையனுடைய கட்டை மட்டும் நெடுநேரம் பார்த்தார். ஒரு சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுபவரின் மகன் அவன். வயது பன்னிரண்டு இருக்கும். பெட்டிக்கடையில் சில்லறைக் காசுக்கு விற்கும் பொட்டணங்களில் ஒவ்வொன்றாகச் சேர்த்த சீட்டுகள் அவை. அறுபதும் ஒழுங்காக அடுக்கி ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுவந்திருந்தான். அத்தனையும் போலி. எழுத்துப் பிழையும், தாறுமாறான எண்களும், விரலுக்கே தெரியும் மெலிந்த அட்டையும் அவற்றைக் காட்டிக்கொடுத்தன. "தம்பி, இவற்றை வைத்து ஆட முடியாது" என்று அவர் மிகவும் மெதுவாகவே சொன்னார். பையன் எதிர்வாதம் செய்யவில்லை. ரப்பர் வளையத்தை மறுபடி போட்டுக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றான்.

நடத்துபவர் செய்தது சரியென்றே சொல்வோம். சீட்டில் அச்சிட்ட எண்ணைக் கொண்டே ஆட்டம் நடக்கிறது; எண்ணே பொய்யானால் எதிரே இருப்பவனுக்கு அநியாயம். விசைத்தறித் துணிக்குக் கைத்தறி முத்திரை போட்டு விற்பவரால் நம்மவர் எவ்வளவு நஷ்டப்பட்டார்கள் என்பதை அறிந்த நமக்குப் போலியின்மேல் இரக்கம் வராது. ஆனால் போலியை விற்றவர் கடையிலே செளக்கியமாக இருக்கிறார். சுவரோரம் நின்றவன் வாங்கியவன்.

இப்போது ஆட்டக்காரர் பதினொருவர் ஆனார்கள். இங்கே போட்டி நடக்கும் முறையைச் சற்றுச் சொல்லவேண்டும். தோற்றவன் உடனே வெளியேறும் வழக்கம் இதில் இல்லை. சுவிஸ் முறை என்று ஒன்று உண்டு. 1895இல் சூரிச் நகரத்துச் சதுரங்கப் போட்டியில் முதலில் கையாளப்பட்டது. ஜெயித்தவர் ஜெயித்தவருடனும், தோற்றவர் தோற்றவருடனும் அடுத்த சுற்றில் ஆடுவார்கள். எவரும் வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை. ஜெயத்துக்கு 3 புள்ளி, சமத்துக்கு 1. பன்னிரண்டு பேருக்கு நான்கு சுற்றுப் போதும். ஆனால் எண்ணிக்கை ஒற்றையானால், சுற்றுக்கு ஒருவன் ஆடாமலே புள்ளி பெற்று உட்கார்ந்திருக்க நேரும். ஆட வந்த பிள்ளைக்கு அதைவிடத் தண்டனை வேண்டாம். "தாத்தா, ஒருவர் குறைகிறது; நீங்கள் உட்காருங்கள்" என்று நம் பேரன் தன்னிடமிருந்த இரண்டாவது கட்டை நம் கையில் திணித்தான். வீட்டில் அவன் தொல்லைக்காக நாலைந்து தடவை ஆடியிருந்தோமாகையால் முறை தெரியும். சபையில் எதிர்த்துக் கை தூக்கிய நாமே, நூல் மூட்டைகளின் நடுவில் சீட்டும் கையுமாக உட்கார்ந்தோம்.

எதிரே பதினொரு வயதுச் சிறுமி. கைகுலுக்கி வணக்கம் சொன்னாள். அவள் கலைத்த கட்டை நாமும், நாம் கலைத்ததை அவளும் ஒருமுறை கலைத்துக் கொடுக்கவேண்டும் என்பது விதி. சீட்டுகள் யாவும் ஒரே நிறத்து உறைக்குள் இருக்கவேண்டும். பின்பக்கத்தில் அடையாளம் வைத்து ஏமாற்ற வழியில்லை. நாம் ஒரு பிராணியை முன்னே நிறுத்தினோம். கையில் இன்னொன்று இருந்தது. அதை உடனே இறக்குவானேன், பின்னால் உதவுமே என்று வைத்துக்கொண்டோம். பஞ்சத்தைக் கண்ட குடும்பத்துப் புத்தி அது. மூன்றாம் முறையில் அவள் நம் முன்நின்ற பிராணியை வீழ்த்தினாள். பின்வரிசையில் ஒன்றும் இல்லை. ஆட்டம் முடிந்தது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

"தாத்தா, கையில் இருந்ததை இறக்கியிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டு அச்சிறுமி நமக்காக உண்மையாகவே வருந்தினாள். அடுத்த மேஜையில் ஒரு பையன், "இரண்டு சீட்டு எடுத்துவிட்டேன்" என்று தானே கை தூக்கி நடத்துபவரை அழைத்துக்கொண்டிருந்தான். எதிரே இருந்தவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

முதல் சுற்று முடியும்வரை நமக்கு வேலை இல்லாமையால் சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தோம். அந்தப் பையன் போகாமல் அங்கேயே நின்று, மேஜை மேஜையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாம் ஆடியதையும் பார்த்திருக்கிறான். நாம் தோற்ற இடம் அவனுக்குத் தெரிந்திருந்தது. நம்மைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அப்போதுதான் நமக்குச் சுரீரென்றது. அவனிடம் இல்லாதது ஒரு கட்டு. நம் கையில் வீணாக இருப்பது ஒரு கட்டு! பேரன் கட்டை நீட்டிய அந்தக் க்ஷணத்திலேயே இது தோன்றியிருக்கவேண்டும். நமக்கும் தோன்றவில்லை, அங்கிருந்த மற்ற எவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகளைச் சொல்லக் குற்றமில்லை. நரைத்த தலைக்குத் தோன்றாதது நம் குறையே.

நடத்துபவரிடம் கேட்டோம். பெரிய போட்டியில் இப்படி ஆள் மாற இடமில்லை, நம் ஊர்ப் போட்டிதானே என்று மற்றப் பிள்ளைகளைக் கேட்டார், அவர்கள் சம்மதித்தார்கள். நம்முடைய தோல்வியையும் சேர்த்து ஏற்றுக்கொண்டு அவன் உட்கார்ந்தான். அறியாத கட்டு, ஒவ்வொரு சீட்டாக எடுத்து அதிலிருந்த சிறிய இங்கிலீஷ் எழுத்தை உதடசையப் படித்துவிட்டே கலைத்தான். இரண்டாம் சுற்றில் ஜெயித்தான். மூன்றாவதில் தோற்றான். நான்காவதில் நம் பேரனையே ஜெயித்தான். ஆக 6 புள்ளி. நடுவிலே ஓர் இடம். பரிசு ஒன்றுமில்லை. கட்டைத் திருப்பித் தரும்போது எண்ணிப் பார்த்து, 60 இருக்கிறது என்று சொல்லித் தந்தான்.

இதோடு முடிந்திருந்தால், சீட்டு நல்லது, மண்டபத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று இரண்டு வார்த்தையில் நம் பிரசங்கத்தை முடித்திருப்போம். அப்புறம் நடந்ததையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஜெயித்தவர்களுக்குப் பரிசாக, பிரிக்காத சீட்டுப் பொட்டணங்கள் சிலவற்றைக் கொடுத்தார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று வெளியே தெரியாது. முதற்பரிசு பெற்றவன் பொட்டணத்தைக் கிழிக்கத் தொடங்கினான். அதுவரை ஒழுங்காக இருந்த பிள்ளைகள் அவனைச் சுற்றி நெருக்கிக்கொண்டு மூச்சடக்கி நின்றார்கள். மினுமினுக்கும் சீட்டு ஒன்று வந்தது. ஒரே கூச்சல். பதினாலு வயதுப் பையன் ஒருவன் அங்கேயே ஒரு விலை கேட்டான். மற்றொருவன் அதற்கு மேல் கேட்டான். இரண்டாவது பொட்டணத்தில் ஒன்றும் வரவில்லை. "இன்னொன்று வாங்கினால் வந்திருக்கும்" என்றான் ஒருவன்.

மகாஜனங்களே, அந்த முகங்களை நாம் முன்னமே கண்டிருக்கிறோம். 2003க்கு முன், குலுக்கல் முடிவு ஒட்டும் பலகைக்கு எதிரே கண்ட அதே முகங்கள். நான்கு சுற்று ஆடிய மேஜையிலே சூது இல்லை. ஆடி முடித்த பின் கிழித்த காகிதத்திலே இருந்தது. நாம் கதவைச் சாத்தியது ஆட்டத்தின் முகத்தில். அதைச் சாத்தவேண்டிய இடம் பொட்டணம்.

இது நாமாகக் கட்டியதன்று. இந்த ஆட்டங்களின் சரித்திரமும் அதையே காட்டுகிறது. கார்பீல்டின் மேஜிக் ஆட்டம் முதலில் வந்தபோது, இருவரும் தத்தம் கட்டிலிருந்து ஒரு சீட்டைப் பந்தயமாக வைத்து, ஜெயித்தவன் இரண்டையும் கொண்டுபோகும் விதி ஒன்று இருந்தது. அது சூதாகும் என்ற ஆட்சேபம் எழவே, சில வருஷங்களுக்குள் அவ்விதி வழக்கொழிந்தது. பந்தயத்தைக் குறிக்கும் சீட்டுகள் போட்டிகளில் தடை செய்யப்பட்டன. பந்தயத்தை எடுத்தபின் ஆட்டம் செத்துப்போயிற்றா என்றால் இல்லை, முன்னிலும் அதிகம் பரவிற்று. பொட்டணத்தைப் பற்றிய சச்சரவு மட்டும் ஓயவில்லை. 1999இல் அமெரிக்கப் பெற்றோர் சிலர், அரிய சீட்டை மறைத்து வைத்து விற்பது குழந்தைகளைச் சூதுக்கு இழுப்பதாகும் என்று வழக்கே தொடுத்தார்கள். கணினி விளையாட்டுகளில் காசு கொடுத்துத் திறக்கும் மர்மப் பெட்டிகள் சிலவற்றை, பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018இல் சூதென்றே தீர்மானித்தது. ஜப்பானில் ஓர் ஓவியப் போட்டியில் ஜெயித்த சிறுவர்களுக்குப் பரிசாகக் கொடுத்த சீட்டு ஒன்று, 2021இல் 52,75,000 டாலருக்குக் கைமாறிற்று. படம் வரைந்ததற்காகக் குழந்தைக்குக் கொடுத்த காகிதம்!

நம் நாட்டுச் சட்டமும் இந்தப் பேதத்தை வெகுகாலமாக அறியும். 1930ஆம் வருஷத்துச் சென்னைச் சூதாட்டச் சட்டத்தில், திறமையே பிரதானமான ஆட்டங்களுக்கு விலக்கு இருந்தது. 1967இல் ஆந்திரத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடும் ஆட்டம் என்றது. அதே மூச்சில், ஆட்டத்தை நடத்தும் இடத்துக்காரர் பந்தயப் பணத்தில் லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்றும் சொன்னது. ஆட்டம் ஒன்றே; அதைச் சுற்றிப் பணம் எப்படி ஓடுகிறது என்பதே பார்க்கவேண்டியது. நீதிபதிகள் பார்த்த இடத்தை, விண்ணப்பத்தைக் கையில் வைத்திருந்த நாம் பார்க்கவில்லை.

ஆகையால் நாம் கேட்பது இது. சங்கம் மண்டபத்தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுக்கட்டும். ஆனால் பொட்டணம் மண்டபத்துக்குள் வரலாகாது. விற்கவும், கிழிக்கவும், பரிசாகக் கொடுக்கவும் கூடாது. சீட்டுக்கு விலை பேசுவதும் அங்கே ஆகாது. மாற்றிக்கொள்வதானால் பெற்றோர் பக்கத்தில் இருக்க மாற்றிக்கொள்ளட்டும்; எட்டு வயதுப் பிள்ளையிடமிருந்து அருஞ்சீட்டைப் பதினாறு வயதுப் பிள்ளை நயமாகக் கறந்துவிடுவதும் உண்டென்று கேள்விப்படுகிறோம்.

இரண்டாவது, கட்டுகளைச் சங்கமே வாங்கிப் படிப்பகத்தில் வைக்கவேண்டும். உள்ளிருக்கும் 60 சீட்டும் இன்னின்னவை என்று நிச்சயமாகத் தெரிந்து வாங்கக்கூடிய ஆயத்தக் கட்டுகள் கடையில் கிடைக்கின்றன. அவற்றில் அதிர்ஷ்டப் பரீட்சை இல்லை. போட்டிக்கு வருகிற எவனும் தன் கட்டைக் கொண்டுவரவேண்டாம்; எல்லாரும் சங்கத்துக் கட்டிலேயே ஆடட்டும். ஒரு கட்டு மற்றதைவிடப் பலமுள்ளதாக இருக்குமே என்று இளைஞர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஓர் ஆட்டம் முடிந்ததும் இருவரும் கட்டை மாற்றிக்கொண்டு மறுபடி ஆடினால் அந்தப் பேதம் தீர்ந்துபோகும். தன் கட்டைத் தானே அமைக்கும் இன்பம் இதில் குறையும் என்றும் சொன்னார்கள். குறையத்தான் செய்யும். சங்கத்துச் சீட்டுகளைப் பிரித்துப் போட்டு, அதிலிருந்தே அமைக்கக் கற்றுக்கொள்ள வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நூறு நூறாகச் செலவழித்து வாங்கிய பலத்தோடு, சில்லறைக்குப் போலி வாங்கிய பிள்ளை மோதி நிற்பதைவிட இந்தக் குறை சிறியது.

பரிசு என்னவென்று கேட்பீர்கள். ஜெயித்த பிள்ளைக்கு நம் ஊர்த் தறியில் நெய்த துண்டு ஒன்று போர்த்துவோம். அது போதாதென்று பிள்ளைகள் முணுமுணுத்தால், இரண்டு துண்டு போர்த்துவோம்.

படிப்புக் கெடும் என்பார்க்கு ஒரு வார்த்தை. மாதத்தில் ஒரு நாள் நான்கு மணி நேரம் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து ஆடுவதால் கெடும் படிப்பு, தினம் இரவில் போர்வைக்குள் தொலைபேசியைப் பார்ப்பதால் கெடாமல் இருக்கிறதா? கேரம் பலகையையும் நம் பெரியோர் ஒரு காலத்தில் வேலையற்றவர் விளையாட்டென்றே ஒதுக்கினார்கள். சென்னையிலே ஆட்டோ ஓட்டுபவரின் மகளான காசிமா 2024இல் அமெரிக்கா சென்று கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கம் கொண்டுவந்தாள். நம் பிள்ளைகள் போக்கிமானில் உலகத்தை ஜெயிப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. அதற்காகக் கேட்கவும் இல்லை. பவானிக் கரையிலிருந்தும் பள்ளிபாளையத்திலிருந்தும் நாலு பிள்ளைகள் வந்து, தோற்றால் கைகுலுக்கி எழுந்து போகக் கற்றால் போதும். நமக்கே அது அறுபது வயதுக்கு மேல் தான் வாய்த்தது.

செலவைப் பற்றிப் பொக்கிஷதார் அவர்கள் இப்போதே கணக்குப் பார்க்கிறார். முதல் நான்கு கட்டுகளின் விலையை நாம் தருகிறோம். மற்ற நான்கை, அன்று நம்மோடு சேர்ந்து கை தூக்கிய நண்பர்கள் தருவார்கள் என்று நம்புகிறோம். தலைக்கு ஒன்று வீதம் அவர்கள் கணக்கு சரியாக நான்குதான். தீர்மானம் அடுத்த மாத நிர்வாக சபைக் கூட்டத்தில் வருகிறது. நம் குலத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமா, ஊர்ப் பிள்ளைகள் எல்லார்க்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுவரோரம் நின்ற பையன் நம் குலத்தவன் அல்லன். எல்லார்க்கும் என்றே தீர்மானத்தில் எழுதியிருக்கிறோம். ஆட்சேபிக்க விரும்புகிறவர்கள் தாராளமாக ஆட்சேபிக்கலாம். அதற்கு முன் கூட்டத்துக்கு அரை மணி முன்னதாக வந்து ஓர் ஆட்டம் நம்மோடு ஆடிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இரண்டு கட்டுகள் நம் பையில் இருக்கும். கையில் உள்ள பிராணியை உடனே பின்வரிசையில் இறக்கிவிடவேண்டும் என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறோம்.